சேர்வர் சொன்ன ஓம்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

காலையில் தேநீருக்கு முன்பே மடிக்கணினியைத் திறந்தேன். குளம் நிரம்பி வான்கதவு திறக்குமுன் கீழ்ப்பகுதி மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டிய கொழும்பிலுள்ள புதுச் சேர்வரை, இங்கிருந்தே கட்டளை தட்டி, என் இலக்கத்தைக் கொடுத்துச் சோதித்தேன். 'அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. தொலைபேசிக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன், அதே பதில், அதே அமைதி.

நீர்ப்பாசன அலுவலகத்தில் சொன்னபோது பொறியியலாளர் சிரித்தார். "சேர்வரே ஓம் எண்டுது, நீங்கள் ஏன் தங்கச்சி இல்லை எண்டு நிக்கிறியள்? வேலை செய்யுது எண்டு நாளைக்குச் சோதனை அறிக்கையிலை கையெழுத்தை வையுங்கோ."

மாலையில் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. குளத்துக்குக் கீழே மாடு வளர்க்கும் செல்வமலர் அக்கா போன கிழமை சொன்னா: "இனி மெசேஜ் வரும்தானே, மழைக்கும் நிம்மதியாப் படுப்பன்."

அவா இப்போது படுத்திருப்பா.

நாளை நான் கையெழுத்து வைக்கப் போவதில்லை.