லியானாவின் நடுப்பெயர்

அன்புள்ள முரீதிக்கு அம்மா எழுதுவது. அந்த ஞாயிறு நீ போனில் பேசியபோது சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நான், உன் அக்கா வமைதா, அவள் வீட்டுக்காரன் கிதைகா, என் தங்கை வருகுரு, நாலே பேர். நாலு பேரும் சுகம், பசுவும் சுகம். கனடாக் குளிரில் நீ, மருமகள் வஞ்செரா, குழந்தை மூவரையும் கடவுள் காக்கட்டும். பிள்ளையைக் காட்டி லியானா என்றாய். உடனே வருகுரு, "போச்சுக்கா உன் பேரு, சோப்புக்கட்டிக்கு வைக்கிற பேராட்டம்ல இருக்கு" என்று சிரித்தாள். மகனுக்குப் பிறக்கும் மூத்த பெண் அவன் அம்மா பெயரைத்தானே சுமக்க வேண்டும், நீ அவளை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட வேண்டும், நான் போன பிறகும் அந்தச் சொல் உன் வீட்டில் இருக்க வேண்டும், அதுதானே நம் முறை. எனக்கு நீ ஒரே மகன், வமைதாவுக்கோ மூன்றும் பையன்கள். அப்போது நீ, "கோவிச்சுக்காதம்மா, நடுவுல உன் பேரு வச்சிருக்கோம், லியானா யூனிஸ்" என்றாய். உன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். பதிவும் முடிந்துவிட்டது என்றாய். தலையை ஆட்டினேன், வேறு என்ன செய்ய.

யூனிஸ் நான் இல்லை முரீதி, நான் நியோகாபி. மாசாய்க்காரி, அந்த மாடு மேய்க்கும் இனத்துப் பெண் என்று அர்த்தம். பஞ்சத்தில் ஒரு மூட்டை தினையை வாங்கிக்கொண்டு மாசாய்கள் இங்கே விட்டுப்போன சிறுமி, என் பாட்டிக்குப் பாட்டி. அவள் சொந்தப் பெயரை ஒருவரும் கேட்கவில்லை, வந்த இடத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். என் சின்ன வயதில் ஓடைக்கரையில் நின்று நியோகாபி என்று கத்தினால் ஐந்து பேர் திரும்புவோம். பதினோரு வயதில் ஞானஸ்நானத்துக்கு வரிசையில் நின்றோம். உபதேசியார், "இந்தப் பேரையெல்லாம் மோட்சத்துல எழுத மாட்டாங்க" என்று சொல்லி, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து வரிசைப்படி பெயர் கொடுத்துக்கொண்டே வந்தார். மூன்றாவதாக நின்றேன், யூனிஸ் ஆனேன். நாலாவதாக நின்றிருந்தால் மார்த்தா. ஒரே மத்தியானத்தில் ஐந்து நியோகாபியும் தீர்ந்தோம். பிறகு கல்யாணப் பத்திரம், உன் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் அதுதான், உன்னை என்ன சொல்ல. இப்போது நைரோபியில் பழைய பெயர்களைத் தேடித்தேடி வைக்கிறார்களாம், வமைதா சொல்கிறாள். உங்கள் ஊர்வரை அந்தச் செய்தி வரவில்லை போலிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வஞ்செராவிடம் சண்டைக்குப் போகாதே. கறுப்பு மொச்சையை வேகவைத்துக் கொடு, பால் ஊறும். பிள்ளை நூறாண்டு இருக்கட்டும். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. குளிப்பாட்டும்போது பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாய்ப் பார்த்து அவள் காதில் ஒருமுறை நியோகாபி என்று சொல். திரும்பிப் பார்த்தாளா என்று எழுது.

உன் அம்மா,
நியோகாபி.
(உறையின் மேல் யூனிஸ் என்றுதான் இருக்கும், தபால்காரனுக்கு வேறு தெரியாது.)

உன்னையும் வஞ்செராவையும், சிரித்த வருகுருவையும்கூட மன்னித்துவிட்டேன். அந்த உபதேசியார் செத்து நாற்பது வருஷம் ஆகிறது, கல்லறையில் பூச்செடி வைத்து வளர்க்கிறார்கள். அவரை மட்டும் மாட்டேன். ஊருக்கு அவர் சக்காயோ, வேதத்துப் பெயர். அவருக்கு அவர் அம்மா வைத்த பெயர் கதீமு.