மாடுகளை இறக்கும் திட்டம்

ஒக்டோபர் 7

சிறிலண்ணனின் பசு ஸ்டெல்லாவுக்குச் சினை ஊசி போட்டேன். உதைத்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. அதைவிட மோசம், மாட்டுப்பட்டிக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. என் கை உள்ளே போகிறது. காட்டினேன்.

“ஊசியப் போட்டாச்சில்ல? மலைய நாங்க பாத்துக்கிறோம், நீங்க போங்க தம்பி” என்றார்.

எதைப் பார்ப்பது? விழுவதையா?

ஒக்டோபர் 12

கோவில் முன்றலில் கூட்டம். அனர்த்தக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மாட்டைப் பற்றி டிப்ளோமா படித்தவன் நான் ஒருவன்தானாம். சுருக்கமாகச் சொன்னேன். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறீர்கள், மாடு மேலேயே கட்டிக் கிடக்கிறது. பால் கறக்கும் நேரம் வந்ததும் திரும்ப ஏறுகிறீர்கள். சாவு அந்த நேரத்தில்தான் வரும். ஆகவே மாட்டையும் பகலிலேயே, மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்துக்கு இறக்க வேண்டும்.

“வேலைக்கு ஆளெடுக்குற மாதிரி மாட்டுக்கும் பெரட்டு வச்சுப் பேர் கூப்புடுவீங்களோ?” என்றார் தலைவர் நல்லமுத்து. ஒரே சிரிப்பு.

பின்னாலிருந்து வீரம்மாக்கா: “பள்ளிக்கூட முகாமுல மனுசனுக்கே கக்கூஸ் இல்ல.”

“செத்தா கக்கூஸ் தேவைப்படாது” என்றேன். நடு லயத்து அழகுமுத்து எழும்பி வந்து என் கொலரைப் பிடித்தான். பிரித்துவிட்டார்கள். கடைசியில், ஒருமுறை செய்து பார்ப்போம் என்றார்கள்.

ஒக்டோபர் 23

எச்சரிக்கை வந்தது. மேல், நடு, கீழ் என்று மூன்று லயக் குடியிருப்புகளின் மாடுகளையும் இறக்கினோம். பட்டியை விட்டு நடந்தே பழகாத மாடுகள், வழியெல்லாம் மிரண்டன. அழகுமுத்துவின் கிடேரி வடிகானுக்குள் விழுந்து கால் முறிந்தது. மழை? ஒரு சொட்டு இல்லை. பாலும் பாதியாகிவிட்டது.

அழகுமுத்து நேராக வந்து வாயில் குத்தினான். தையல் போட்டிருக்கிறது. கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது.

நவம்பர் 14

விடாத மழை. ஆட்கள் பள்ளிக்கூடத்தில், மாடுகள் மேலே. பாய் பாயாகப் போய், மாட்டை இறக்குவோம் என்று கேட்டேன்.

“இன்னொரு கால முறிக்கவா?” அழகுமுத்து. மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

நவம்பர் 15

எழுதியே ஆக வேண்டும்.

பின்னேரம் சிறிலண்ணன் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கூப்பிட்டேன், நிற்கவில்லை. அவர் மனைவி டோரீனக்கா என் கையைப் பிடித்தார். “அவரக் கூட்டியாந்துருங்க தம்பி.” ஓடினேன்.

நான் போவதற்குள் மலை ஒருமுறை இறங்கிவிட்டது. பட்டியில் ஒரு மூலைதான் மிச்சம். ஸ்டெல்லா இடுப்பு வரை மண்ணுக்குள். முதுகெலும்பு போய்விட்டது, பார்த்தவுடன் தெரிந்தது. கத்துகிறாள் — மாடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அவர் கையால் தோண்டுகிறார், நகமெல்லாம் ரத்தம். மேலே கல் உருள்கிறது.

“வாங்கண்ணே, அது பொழைக்காது.”

“அவ என்னையக் கூப்புடுறா தம்பி. எப்புடி விட்டுட்டு வாறது?”

இழுத்தேன். கேனால் மண்டையில் அடித்தார். நானும் அடித்தேன், முகத்தில், இரண்டு தடவை. மறுபடி போய்த் தோண்டுகிறார். அவ கத்துற வரைக்கும் இந்த மனுசன் வரமாட்டாரு. அது மட்டும்தான் தெரிஞ்சிச்சு. கூரையில தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி செருகியிருந்திச்சு. எங்க வெட்டணும்னு படிச்சிருக்கேன். வெட்டினேன். ஒரே வெட்டுல போகல. தாடைக்குக் கீழ, மறுபடி. சூடா மூஞ்சியில அடிச்சிச்சு.

சத்தம் நின்றது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டே இறங்கினேன். ரோட்டுக்கு வந்தபோது மிச்ச மலையும் வந்தது. மேல் லயம் போய்விட்டது, அங்கே கட்டியிருந்த மாடுகளோடு. ஆட்கள் யாரும் அதற்குள் இல்லை.

நவம்பர் 16

கழுவிக் கழுவியும் ரத்த மணம் போகவில்லை.

நவம்பர் 20

முகாம் சாப்பாட்டு வரிசையில், எல்லோர் முன்னாலும் சிறிலண்ணன் கேட்டார்: “உசிரோட இருந்தவள அறுத்த கையால சோறு திங்கிறியா?”

நீங்க என்றவர் நீ என்கிறார். டோரீனக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிற்கிறார், ஏசுகிறார், மூச்சு விடுகிறார். எனக்கு அது போதும்.

போதுமா?

ஜனவரி 9

மறுபடி எச்சரிக்கை. லிந்துலையில் அன்றைய ஊசி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, நேராக நடு லயத்துக்கு ஏறினேன், ஒவ்வொருவரோடும் சண்டை பிடிக்கத் தயாராக. பட்டிகள் காலி. கோழிக் கூடுகூட இல்லை.

தொழிற்சாலை முற்றத்தில் எல்லாம் நிற்கின்றன. வீரம்மாக்காவின் நாய் சங்கிலியில். பாலை அங்கேயே கறந்து வைத்திருந்தார்கள். அழகுமுத்து புல் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் குறுக்கே கயிறு கட்டி, சிறிலண்ணன் நின்றார். அவருக்கு இப்போது மாடு இல்லை.

“யாரு எறக்கச் சொன்னது?”

“நான்தான்.” என்னைப் பார்க்கவில்லை. “நேரத்தோட எறக்கலன்னா அவள அறுத்தவன் வந்துருவான்னு சொன்னேன். ஒருத்தனும் மறுபேச்சுப் பேசல.”

“மேல யாராவது—”

“யாருமில்ல. நீ உள்ள வராத.”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே மாடுகளை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.