கோட்டின் மேல் ஒரு கோடு

லா பாஸ்
4 மார்ச் 1966

அன்புள்ள ரெமிஹியோ,

நான் நலம். நீ நலமா என்று கேட்கக் கோபம் விடவில்லை, ஆனாலும் கேட்கிறேன். "அஞ்சு வருஷமா குருமடத்துல குந்திக்கிட்டிருக்கிறவனுக்குக் காயிதம் எழுதற ஒரே பைத்தியம் நீதாண்டி" என்று அம்மா திட்டிக்கொண்டே தபால்தலையும் எடுத்துக் கொடுக்கிறாள்.

ஆய்வகத்தில் உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. மலை மேல் வைத்த படத்தட்டுகள் போன வாரம் இறங்கி வந்தன. நாங்கள் ஆறு பெண்கள் காலையிலிருந்து நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, விண்ணிலிருந்து விழுந்த துகள்கள் விட்டுப்போன மயிரிழைத் தடங்களைத் தேடுகிறோம். நீ எழுதி ஒட்டிய கட்டளை இன்னும் சுவரில் இருக்கிறது: அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் ± போட்டு, எவ்வளவு தவறியிருக்கலாம் என்று எழுது, போடாதவன் பொய்யன். எனக்கு எழுதிய காதல் கடிதங்களில்கூட அந்தக் குறியைப் பெயருக்கு முன்னால் போட்டவன் நீ. 'நான் தவறாகவும் இருக்கலாம், ஆனாலும் உன்னுடையவன்' என்று அதற்கு அர்த்தம் சொன்னாய்.

வேறொருத்தியோடு போயிருந்தால் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். கடவுளோடு போனவனை என்ன செய்வது?

விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடை எவரிஸ்தோ அம்மாவிடம் பெண் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர். அடுத்த மாதம் பாஸ்கா பண்டிகைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீயும் பாஸ்கா முடிந்ததும் மணத்துறவு வாக்குக் கொடுக்கப் போகிறாய். அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. துளி சந்தேகம் இருந்தாலும் சொல், நான் காத்திருக்கிறேன்.

தபாலில் போட்டால் உங்கள் குருமட அதிபர் பிரித்துப் படிப்பார் என்று இதைப் பழ லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் பதிலும் அவர் கண்ணில் பட்டுத்தான் தபாலில் வரும் என்று தெரியும். அதனால் வெளிப்படையாக எழுத வேண்டாம். சந்தேகம் இருந்தால் பெயருக்கு முன்னால் நம் குறியைப் போடு. இல்லையென்றால் சாமியார்கள் போடுகிற வெறும் சிலுவையைப் போடு.

உன்,
ஹெர்மினியா

குருமடம், கொச்சபம்பா
22 மார்ச் 1966

அன்புள்ள ஹெர்மினியா,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். கடிதம் வந்தது. அம்மாவின் திட்டும் சேர்ந்து வந்தது, இரண்டுக்கும் நன்றி. எங்கள் அதிபர் தினமும் சாப்பாட்டு மேசையில், "என்னய்யா இயற்பியல்காரரே, இயேசு தண்ணிய திராட்ச ரசமாக்குனதுக்கு சமன்பாடு எழுதி முடிச்சிட்டீரா?" என்று கேட்கிறார். நானும் தினமும் சிரிக்கிறேன்.

நல்ல தாள் தீர்ந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில் கோடு போட்ட தாளைக் கிழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ சொன்னபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

+ ரெமிஹியோ

லா பாஸ்
12 ஏப்ரல் 1966

சகோதரர் ரெமிஹியோ அவர்களுக்கு,

தங்கள் பதில் வந்தது. குறியைப் பார்த்தேன், புரிந்துகொண்டேன். எவரிஸ்தோவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். மே மாதம் கல்யாணம். அம்மா மூன்று நாளாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு மெழுகுகிறாள். எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

'நீ' என்று எழுதிய கை 'நீங்கள்' என்று எழுத முரண்டு பிடிக்கிறது. போகப்போகப் பழகிவிடும்.

இப்படிக்கு,
ஹெர்மினியா

லா பாஸ்
9 ஆகஸ்ட் 1988

மதிப்புக்குரிய சாமிக்கு,

இருபத்திரண்டு வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர எதுவும் எழுதாதவள் எழுதுகிறேன். என் மகள் ரொசாவுராவுக்கு நவம்பரில் கல்யாணம். "உன் சிநேகிதரு சாமியாராச்சே, அவரையே கல்யாணத்த மந்திரிச்சு வைக்கக் கூப்பிடேன். அவரு இருக்கிற ஓரூரோ என்ன கண்காணாத சீமையிலயா இருக்கு?" என்கிறார் எவரிஸ்தோ. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

அவளுடைய ஞானஸ்நானச் சீட்டைத் தேடியபோது உங்கள் பழைய கடிதம் கையில் பட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், அதை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தேன். சிலுவைக்கு அடியில் தாளின் நீலக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டின் மேல், சிலுவையின் அகலத்துக்குச் சரியாக, பேனாவின் நீல மை இருக்கிறது.

ரெமிஹியோ, அது நம் குறியின் அடியில் நீ போட்ட கழித்தல் கோடா?

எந்தத் தடத்தையும் தவற விடாதவள் என்று எனக்கு இங்கே பெயர். அன்றைக்கு அழுதுகொண்டே பார்த்தேன், விட்டுவிட்டேன். நீ என்ன எழுதினாலும் என் வீடு இடிந்துவிடாது, உண்மையை எழுது. கல்யாணத்துக்கும் வா.

ஹெர்மினியா

ஓரூரோ
30 ஆகஸ்ட் 1988

ஹெர்மினியா,

கோடு போடாத தாளாகப் பார்த்து வாங்கி வந்து எழுதுகிறேன்.

நான் போட்டதுதான். போட்டுவிட்டுப் பெட்டியையும் கட்டி வைத்திருந்தேன். 'குறியைப் பார்த்தேன், மே மாதம் கல்யாணம்' என்று நீ எழுதினாய். என் சந்தேகத்தைப் பார்த்த பிறகும் நீ வேண்டாம் என்று சொன்னதாக நினைத்தேன். அதையே கடவுளின் பதிலாக எடுத்துக்கொண்டு வாக்குக் கொடுத்தேன்.

பொய்யாக வாழவில்லை. இங்கே சுரங்கக்காரர்கள் வந்து, "சாமி, செத்தவங்களுக்கு நாங்க பேசறது கேக்குமா?" என்று கேட்பார்கள். "நிச்சயமாத் தெரியாதுப்பா, ஆனா பேசறத நிறுத்திடாத" என்பேன். "அட, உங்களுக்கே தெரியாதா!" என்று சிரித்துக்கொண்டு போவார்கள், அடுத்த வாரமும் வருவார்கள். இந்த ஜனங்களை விட்டுவிட்டு இனி எங்கும் என்னால் போக முடியாது. உன்னை நினைக்காமல் ஒரு பூசையும் வைத்ததில்லை. இரண்டும் உண்மை.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். "முழு மனசோட சம்மதமா?" என்று நான் அந்தப் பிள்ளைகளைக் கேட்க வேண்டியிருக்கும். முன்வரிசையில் நீ உட்கார்ந்திருக்க, என் வாயில் அந்தக் கேள்வி வராது. எனக்கு உடம்பு சரியில்லை என்று எவரிஸ்தோவிடம் சொல்லிவிடு. வேண்டாம், அவரிடம் பொய் சொல்லாதே. இந்தக் கடிதத்தையே காட்டு.

ரொசாவுராவுக்கு என் ஆசீர். யாரிடமாவது முக்கியமாக ஒன்று கேட்க வேண்டியிருந்தால் கடிதம் போடாமல் பஸ் ஏறிப் போய்க் கேட்கச் சொல்.

கீழே இருப்பதைப் படிக்க உனக்கு நுண்ணோக்கி வேண்டியிருக்காது.

± ரெமிஹியோ