பெரியவரின் டிரைவர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம் என்று எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குப் பாலும் ஜூஸும்தான், அதுவும் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். "இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு" என்று கிண்டல் செய்கிறாள் உன் அண்ணி. செய்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

பெரியவருக்குத் தண்டனை ஆன செய்தி அங்கேயும் டிவியில் வந்திருக்கும். நிதி நிறுவனத்தில் பணம் போட்ட ஜனங்களை ஏமாற்றியதற்குப் பதினான்கு வருஷம். அவர் அறைச் சுவர் முழுக்க மந்திரிகள் தோளில் கை போட்டு நிற்கிற போட்டோக்கள் இருக்குமே, அதில் ஒரு மந்திரி பேட்டியில், "எங்கயோ விசேஷத்துல பார்த்திருப்பேன், சரியா ஞாபகம் இல்ல" என்றார். அந்த இரண்டு பேரையும் ஒரே பின்சீட்டில் வைத்து நான் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

தீர்ப்பு வந்த மறுவாரம், பெரியவர் ஆபீசில் உன்னோடு வேலை பார்த்த மூன்று பெண்கள் போலீஸில் இன்னொரு புகார் கொடுத்தார்கள். பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு கை வைத்ததையும், முரண்டு பிடித்தவர்களை அடித்ததையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறார். இந்த வழக்குக்காக ஒரு பெண் இன்ஸ்பெக்டர், நான் இப்போது வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். "ஒன்பது வருஷம் அவர் வண்டியை ஓட்டியிருக்கீங்க. எதையுமே பார்க்கலையா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பி அனுப்பினேன். வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி, "உங்க தங்கச்சி எதுக்கு நாட்டை விட்டே போனான்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நீங்களா சொல்வீங்கன்னு இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். நீயும் நானும் ஒருவருக்கொருவர்கூடப் பேசிக்கொள்ளாத அந்த மத்தியானத்தைச் சொன்னேன். கீழ்த்தளத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லிப்ட் திறந்தது. உன் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. காலில் ஒரு செருப்புதான். பின்னால் பெரியவர், கைக்குட்டையால் விரல் முட்டிகளைத் துடைத்தபடி. "படியில விழுந்துட்டா. கொண்டுபோய் மருந்து போட்டு விடு. அஞ்சு மணிக்கு மந்திரி வீட்ல இருக்கணும்" என்றார். நீ "அண்ணே" என்றாய். லிப்டில் வந்தவள் எந்தப் படியில் விழுந்தாள் என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, சீட்டில் இருந்த ரத்தத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, ஐந்து மணிக்கு அவரை மந்திரி வீட்டில் சேர்த்தேன். கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். நீ போன பிறகும் நாலு வருஷம் அவருக்கு ஓட்டினேன்.

வாக்குமூலம் கொடுத்த மூன்றாம் நாள் காலையில், ஒரு வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். கட்டையும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கட்டையை உனக்குத் தெரியும், பெரியவர் கூடவே திரிகிற குள்ளன். அவனும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். "என்ன டிரைவரே, வாயைத் திறந்தீங்களாமே? நல்லாத் திறங்க, பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே என் ஸ்பேனரை எடுத்து என் முகத்தில் அடித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கு வெளியே கேட்கவில்லை, தலைக்குள் கேட்டது. கிரீஸ் தரையில் என் பல் இரண்டு கிடந்தன. மற்ற இருவரும் விலாவில் மிதித்தார்கள்.

இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஜாக்கியின் கம்பி கைக்குக் கிடைத்தது. கட்டையின் முட்டியில் அடித்தேன். அவன் விழுந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவன் "போதும், விட்டுருங்க, விட்டுருங்க" என்று கத்தினான். எனக்குப் போதவில்லை. அதே முட்டியில் இன்னும் மூன்று அடி. ஒர்க்‌ஷாப் முதலாளி என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அவன் கால் இனி மடங்காது என்கிறார்கள். அதற்கு என் மேலும் வழக்கு இருக்கிறது. உனக்காக அடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. உனக்காக அடிக்க வேண்டிய நாளில் கார் சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது.

நேற்று என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். சாட்சியால் பேச முடியாது, விசாரணையைத் தள்ளி வையுங்கள் என்றார் பெரியவரின் வக்கீல். நீதிபதியம்மா, "வாய்தானே கட்டியிருக்கு? கையில பேனாவைக் கொடுங்க" என்றார். எட்டுப் பக்கம் எழுதினேன். கோர்ட் எழுத்தர் சத்தமாக வாசித்தார். பெரியவர் இளைத்திருக்கிறார், தலைமுடிக்குச் சாயம் இல்லை. உன் காதைப் பற்றி வாசிக்கும்போது மட்டும் என்னைப் பார்த்தார். வண்டியை லேட்டாக எடுத்து வந்தால் பார்ப்பாரே, அதே பார்வை. நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

பிறகு வக்கீல் எழுந்து, "கூடப் பிறந்தவ ரத்தத்தோட வந்தா. ஒரு வார்த்தை கேட்கல. புகார் கொடுக்கல. சம்பளத்தை மட்டும் மாசாமாசம் வாங்கிக்கிட்டீங்க. அப்படித்தானே?" என்றார். என்னைப் பொய்யன் ஆக்குவதற்காகக் கேட்டார். நான் ஒரே வார்த்தைதான் எழுதினேன். எழுத்தர் அதை வாசித்தார்: "ஆமாம்."

வக்கீல் அடுத்த கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். விரல் நசுங்கிய அந்தப் பெண், வெளியே வரும்போது என் நாற்காலியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு வந்தாள்.

உன் அண்ணியையும் என் மகள் பாப்பாவையும், வழக்கு முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று, அண்ணியின் அம்மா வீட்டில் விட ஏற்பாடு செய்திருக்கிறேன். பாப்பாவுக்கு உன் ஜாடை வந்துகொண்டிருக்கிறது, பிடிவாதம் உட்பட. நீ வந்து சாட்சி சொல்வாயா என்று இன்ஸ்பெக்டர் உன்னிடம் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். வா என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். உனக்காக முடிவெடுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நீ வராவிட்டாலும் வழக்கு நிற்கும் என்கிறார்கள்.

எங்கே இருந்தாலும் யாருக்கும் பயப்படாமல், நிமிர்ந்து, நூறு வயசு நன்றாக இரு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. கிழிக்கும் முன்னால் இரண்டு வரி எழுது. திட்டி எழுது, கை வலிக்கும் வரைக்கும் திட்டு. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வார்டு வாசலைப் பார்த்தபடிதான் படுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்