நிறுத்தச் சொல்லாத கட்டுரை

புதன், இரவு

மங்கலத்திலிருந்து செல்வி என்ற பனியன் கம்பெனி டெய்லர் இன்று என் பிசியோதெரபி அறைக்கு வந்தாள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தோள்வலிக்கு என்று கம்பெனி நர்ஸ் சொன்னபடி, தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி, வலித்தாலும் விடாமல் பயிற்சி செய்தாளாம்.

கோபத்தில் அவள் எதிரிலேயே நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"உங்க ஆய்வுக் கட்டுரையப் பாத்துத்தானுங்க மேடம் சொல்லிக்குடுத்தேன். எவ்வளவு எடை, எப்ப நிறுத்தோணும்னு அதுல ஒண்ணுமே இல்லீங்களே."

கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். 'தோள்பட்டைப் பயிற்சி, தினமும் இருவேளை' என்று ஒரே வரி. அருள்புரத்தில் டெய்லர்களை வைத்து நாங்கள் ஆய்வு செய்தபோது முதல் இரண்டு வாரம் வெறுங்கைதான். வலித்தால் உடனே நிறுத்தினோம். ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் நின்றேன். இடம் போதாதென்று அதையெல்லாம் வெட்டியதும் நான்தான்.

விடுபட்டதை முழுதாக எழுதி இப்போதுதான் கட்டுரை வந்த பத்திரிகைக்கு அனுப்பினேன். திருத்தம் வெளியிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி இன்னும் எத்தனை பேர் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்களோ.

பகலில் என் அறையிலிருந்து கிளம்பும்போது செல்வி தயங்கி நின்றாள். "நான்தான் தப்பாப் பண்ணிட்டனுங்களா, மேடம்?"

"இல்லம்மா" என்றேன். தப்பு என்னுடையது என்பதை இங்கேதான் எழுதுகிறேன்.