முட்டை எடுக்கும் நேரத்துச் செய்தி

மாப்பிள்ளை,

இன்றைய பேப்பர் வந்து கிடக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் அச்சு மை வாடையும் நம் கோழிப் பண்ணைத் தீவன வாடையும் கலந்து எழும்புமே, அந்த வாடைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன். ராஜஸ்தானுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டிப் போய், நான் போட்ட போரில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்து, அந்த ஊர்க்காரர்கள் எனக்கொரு ஒட்டகத்தைப் பரிசாகப் பிடித்து வர, லாரியில் இடமில்லை என்று சொல்லித் திரும்பியவன் நான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பேப்பரைப் பிரிக்கக் கை வரவில்லை.

வாசித்தால் கேட்க ஆளில்லை. உங்கள் மகள் கௌசல்யா கோயமுத்தூரில் கலெக்டர் பரீட்சையின் முதல் கட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். துணைக்கு என் தங்கச்சி போயிருக்கிறாள். அங்கே பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, எந்தச் சாமியையும் விடாமல் வேண்டிக்கொண்டிருப்பாள். பண்ணையைப் பார்க்க ஒருவர் வேண்டுமென்று நான் தங்கிவிட்டேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். உள்ளபடி சொன்னால், அந்த வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அவள் பதிலெழுதும் ஒவ்வொரு நடப்புச் செய்தியும் என் வாய் வழியாகப் போனது.

நீங்கள் இருந்தவரை அவளுக்குப் பேப்பர் வாசிக்கும் வேலை உங்களுடையது. விடிந்ததும் அவள் கூண்டு வரிசையோரமாக முட்டைகளை எடுத்து அட்டையில் அடுக்கிக்கொண்டே போவாள். நீங்கள் பழைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உரக்க வாசிப்பீர்கள். வேலை முடிந்த கையோடு அவள் சேலத்துப் பயிற்சி வகுப்புக்கு பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும். அதனால் பாராளுமன்றமும் பணவீக்கமும் பருவமழையும் காது வழியாகவே ஏறின. உங்கள் குரலுக்குக் கோழிகள்கூடப் பழகியிருந்தன. பக்கம் திருப்ப நீங்கள் நிறுத்தினால்தான் கத்தும்.

நான் அட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே நடுவில் புகுந்துகொள்வேன். யாரோ ஒரு அமைச்சர் அணையைப் பார்வையிட்டார் என்று நீங்கள் வாசித்தால், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியதாக நான் சேர்ப்பேன். நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “ஏனுங்க மச்சான், இது எத்தனாவது பக்கத்துல போட்டிருக்குதுங்க?” என்பீர்கள். கூண்டுகளுக்கு அந்தப்பக்கமிருந்து கௌசல்யா சிரிப்பாள். நானும் விடமாட்டேன். நாளைய பேப்பரில் போடுவான், பாருங்கள் என்பேன்.

அந்தக் காலையில் தீவன மூட்டைமேல் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். அவள் அப்போது சேலத்தில் வகுப்பில் இருந்தாள். முட்டை வண்டியிலேயே உங்களைப் படுக்கவைத்து, எதிரே வந்த டேங்கர் லாரிகள் எல்லாம் மண்ணில் இறங்கி வழிவிட, நாமக்கல்லுக்குப் பறந்தேன். பறந்தும் ஆகவில்லை. டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டிய பிறகுதான் கௌசல்யாவுக்கு போன் போட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார், எழுந்து உட்கார்ந்துவிட்டார், இட்லிக்குக் கெட்டிச் சட்னிதான் வேண்டுமென்று நர்சம்மாவிடம் வம்பு பண்ணுகிறார், நீ பதறாமல் வந்து சேர் என்றேன். இருக்கிற பொய்யிலேயே அழகான பொய். பிள்ளை தனியாக பஸ்ஸில் வர வேண்டுமே.

அவள் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் கிடந்த முட்டை அட்டைகளையெல்லாம் ஒதுக்கி, கூட்டித் தண்ணீர் தெளித்து, உங்களைக் கிடத்த இடம் பண்ணி வைத்திருந்தாள். யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். “மாமா, நீங்க படிங்க” என்றாள்.

நான் எட்டாவது வரைக்கும் போனவன். எங்கள் வாத்தியார் என்னைக் கண்டு நடுங்குவார் என்பது வேறு கதை. ‘பணவியல் கொள்கை’, ‘இருதரப்பு ஒப்பந்தம்’, ‘நாடாளுமன்ற நிலைக்குழு’ என்று வரிக்கு வரி பாறாங்கல்லாகக் கிடந்தது. போர் போடும்போது பாறை வந்தால் துளைக்கிற பிட்டை மாற்றிப் போட்டு உடைப்பேன். இங்கே எதை மாற்றுவது? முட்டி மோதி ஒரு பத்தியைத் தாண்டினால், தாண்டிய சந்தோஷத்தில் சொந்தச் சரக்கு தானாக வந்துவிடும். ஏதோ சில நாடுகள் கூடி ஒரு வணிகக் குழு அமைத்ததாக ஒருநாள் போட்டிருந்தது. நான் வாசித்து முடித்து நேபாளத்தையும் சேர்த்துவிட்டேன். அந்த எல்லையில் லாரியை நிறுத்தி ஒரு டீ குடித்திருக்கிறேன், மாப்பிள்ளை. அப்படிப்பட்ட டீ போடும் ஊரை விட்டுவிட மனசு வரவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் மாதிரித் தேர்வுத் தாளோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். எட்டிப் பார்த்தேன். அந்த நாடுகளைப் பற்றிய கேள்வி இருந்தது. கீழே நேபாளமும் இருந்தது. பக்கமெல்லாம் சிவப்புக் கோடு.

அன்றைக்குப் பிடித்தது பயம். மறுநாள் வாளியில் உட்கார்ந்தபோது எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. இன்னும் எத்தனை நேபாளங்களை அந்தப் பிள்ளையின் தலைக்குள் இறக்கி வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே துணிவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற அமைச்சர் பரீட்சை மண்டபத்தில் வந்து நின்றால் என்ன செய்வாள்? கண்ணாடியை ஏற்றி எத்தனாவது பக்கம் என்று கேட்க நீங்களும் இல்லை.

நாலைந்து நாள் பொறுத்து, தாங்கமாட்டாமல், கூண்டோரத்தில் வைத்து அவளிடமே சொல்லிவிட்டேன். நான் படித்ததையெல்லாம் மறந்துவிடு, வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் முட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. சிவப்புக் கோடு கணக்குக் கேள்விகளுக்காகப் போட்டது, நாடுகள் கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்த்த நேபாளம் கேள்வியோடு அச்சடித்த விடைகளில் ஒன்று, அதை அன்றைக்கே கழித்துவிட்டேன் என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நீங்க தட்டுத்தடுமாறிப் படிச்சா அது பேப்பருங்க மாமா. தண்ணியாட்டம் வந்தா அது நீங்க. அப்பா அப்பவே சொல்லிக் குடுத்துட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்து, என் முதுகுக்குப் பின்னால் இப்படியொரு சூத்திரம் வகுத்து வைத்திருந்தீர்களே என்று உங்கள்மேல் செல்லக் கோபமும் வந்தது. அவள் அட்டையை நிரப்பி அடுத்ததை எடுத்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அன்னைக்குப் போன்லயும் நீங்க ஒரு எடத்துலகூட தடுமாறலீங்க.”

நிரம்பிய அட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தேன், மாப்பிள்ளை. சேலத்திலிருந்து வந்த அந்த பஸ் பயணம் முழுக்க அவள் எல்லாம் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாள். நான் போட்ட கெட்டிச் சட்னியை மடியில் வைத்துக்கொண்டு.

அவளுக்கு வழி தெரிந்துவிட்டது என்பதால் என் பயம் போய்விடவில்லை. தடுமாறிப் படித்ததெல்லாம் சரியாகப் படித்ததாகிவிடுமா? ஒரு கால் விட்டு, ஒரு கொம்பு விட்டு, பத்து லட்சத்தைப் பத்துக் கோடி என்று வாசித்திருந்தால்? அதற்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துத்தான் வாசித்தேன். என் பெருமைக் கதைகளை மத்தியானத்துக்கு ஒதுக்கிவிட்டேன். வாசிப்பு இன்னும் மெதுவாகிவிட்டது. அவள் முட்டை எடுக்கும் கையை மெதுவாக்கிக்கொண்டாள்.

நேற்று பஸ் ஏற்றிவிடப் போனேன். தங்கச்சி முன்னால் ஏறிவிட்டாள். கௌசல்யா படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

“மாமா, நான் தேறிருவனுங்களா?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. நாமக்கல் கோட்டையைச் சுற்றி வாணவேடிக்கை, மாலையோடு மாவட்டமே வந்து நிற்பது, கூட்டத்தில் என்னைப் பார்த்து அவள் காரை நிறுத்தி இறங்குவது, எல்லாம் வரிசை கட்டி நின்றது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“தெ... தெரியில சாமி. எனக்கு பயமா... பயமாத்தான் இருக்குது. ஆனா நீ... நீ நெசமாலுமே படிச்சிருக்கே.”

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மற்றக் காலையும் தூக்கி வைத்து ஏறிக்கொண்டாள்.

இப்போது பேப்பரைப் பிரித்துவிட்டேன். வாளியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை உரக்க வாசிக்கிறேன். கோழிகள் கேட்கின்றன. முட்டைகளை நானே எடுக்க வேண்டும். நீங்கள் வைத்துவிட்டுப் போன சூத்திரம் என் காதில் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் யார் என்ன பேசினாலும் எங்கே தடுமாறுகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

மத்தியானம் அவளிடமிருந்து போன் வரும். எப்படி எழுதினாய் சாமி என்று கேட்பேன். அவளும் நம் ஊட்டுப் பிள்ளை, என் தங்கச்சி பெற்றவள், என் வாய் அவளுக்கும் வரும். நன்றாக எழுதினேன் மாமா, எல்லாம் நீங்கள் படித்ததுதான் வந்தது என்று தண்ணியாட்டம் சொல்லிவிடுவாளோ என்றுதான், மாப்பிள்ளை, பயமாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்திலாவது அவள் திக்க வேண்டும்.