புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து இல்லை

ஓர்லிகோன், சூரிச்
22.05.2016, ஞாயிறு

அன்பு மகள் சிவகலாவுக்கு அப்பா எழுதுவது,

என் எழுத்து ஒரு வரி ஏறும், அடுத்த வரி இறங்கும், சில இடத்தில் பேனை தாளைக் கிழித்தும் இருக்கிறது, பொறுத்துக்கொண்டு வாசி. வெள்ளிக்கிழமை தொடங்கிய கடிதம், இன்றுதான் முடியும்போல இருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல்நாள் முணுமுணுக்கும். நீயும் மருமகன் விதுஷனும் என் பேத்தி யாதவியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இதுவரை உனக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்ல அம்மா எழுதியவை. நான் ஒன்று சொல்லுவேன், அவள் அதைப் பதமாக்கி வேறொன்று எழுதுவாள். இந்தக் கடிதத்தில் அந்த வேலை நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நான் வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியாது, சொல்லாமல் வைத்திருந்தேன். சிவமலர் ரீச்சர் பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கென்று நடத்துகிறா. நாலு வயதுபோன பெண்களும் நானும். முதல் மாதம் ரீச்சர் என்னைப் பார்த்து, ஐயா பேனையை மண்வெட்டி பிடிக்கிறமாதிரிப் பிடிக்காதேங்கோ, அது ஓடிப்போகாது என்று சொன்னா, நாலு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தமிழ் எழுத்து கைக்கு வந்தபிறகு, ஸ்ரேசன் பலகைகளையும் கடைப் பெயர்களையும் வாசிக்க ஜெர்மன் எழுத்தும் காட்டித் தந்தா. இருபத்தெட்டு வருடமாக நிறத்தைப் பார்த்து ஏறின ட்ராமில் இப்போது பெயரை வாசித்து ஏறுகிறேன் மகள். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இனி நீ கோபித்த விஷயங்கள். முதலாவது கத்தரிக்காய். ஏப்ரலில் ஏரிக்கரை மைதானத்தில் குளிர்காலத்தை அனுப்பிவைக்க வெடி அடைத்த பனிப்பொம்மை எரிக்கிற திருநாளை நீ சின்ன வயதில் என் தோளில் இருந்து பார்த்திருக்கிறாய். பொம்மையின் தலை வெடித்து ஆட்கள் கலைந்த பிறகு, இந்த ஊர்ச் சனம் மண்வெட்டியால் தணலை இழுத்து வைத்து இறைச்சிக்குழல் சுடுவார்கள். அம்மா எத்தனையோ வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, இவ்வளவு நல்ல தணலை வீணாக்குதுகள் என்று பெருமூச்சு விடுவாள். மின்சார அடுப்பில் சுட்ட கத்தரிக்காய் அவளுக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை. இந்த வருடம் நான்தான் சொன்னேன், கொண்டுவாரும் பார்ப்பம் என்று. ஆறு கத்தரிக்காய், பச்சை மிளகாய், வெங்காயம், ஒரு தேசிக்காய், சட்டி. பக்கத்தில் நின்ற சுவிஸ் கிழவர் தன் மண்வெட்டியைத் தந்தார், அங்கேயே தோலுரித்துப் பிசைந்து பாணோடு கொடுத்தோம், இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றார். அதை யாரோ படம் எடுத்து முகநூலில் போட, அது ரொறன்ரோ வரைக்கும் வந்து, உன் மாமியார், பிள்ளை கவனிக்காததால கிழடுகள் ரோட்டில சுட்டுத் தின்னுதுகள் என்று சொன்னாவாம். நீ ரெலிபோனில் அழுதாய். எனக்கு நீ அழுததுதான் கவலை, படம் கவலை இல்லை. அந்தப் படத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாயோ. பார்க்காவிட்டால் இன்னொருதரம் எடுத்துப் பார்.

இரண்டாவது எங்கடின் மலைப்பள்ளத்தாக்குக்குப் போனது. நான் பன்னிரண்டு வருடம் பாத்திரம் கழுவின ஹோட்டலை அம்மா ஒருநாளும் கண்டதில்லை, நீங்கள் இருவரும் கீழே சூரிச்சில், நான் மேலே. மே மாதம் இரண்டு பருவத்துக்கும் நடுவில் அந்த ஊர் ஹோட்டலெல்லாம் பூட்டிக்கிடக்கும். ஆளில்லாத அந்தக் கட்டிடத்தின் பின்பக்கப் படியில் நானும் அம்மாவும் முதலாளிகள் மாதிரி இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டோம், எதிரே மலையில் பாதிப் பனி, கீழே புல்லெல்லாம் மஞ்சள் பூ. சமையலறை யன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மா, இந்தத் தொட்டிக்கு முன்னாலயோ நிண்டனீங்கள் என்று கேட்டாள். ரெலிபோனை வீட்டில் சாமிப்படத் தட்டில் சார்ச்சில் விட்டுவிட்டுப் போனது எங்கள் பிழை. அது சமையலறைச் சாமான் மாதிரி வீட்டில் இருக்கிற பொருள் என்று எங்களுக்குப் பழக்கம். நீ பதினாறு தரம் அடித்து, உன் மச்சான் இரவீந்திரனை அனுப்பி, அவன் காவலாளியைக் கொண்டு கதவைத் திறப்பித்து, நாங்கள் பொழுதுபட வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரவீந்திரன் என்னைக் கண்டதும், மாமா உங்களுக்குச் செத்தவீடு செய்யிற அளவுக்கு வந்திட்டம் என்றான். அம்மா அவனுக்கு மிச்சப் புட்டைக் கொடுத்தாள். உன்னைப் பயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனதற்குக் கேட்க மாட்டேன்.

பிறகு போன கிழமை உன் தடித்த கடித உறை வந்தது. வயதுபோனவர்களின் காப்புறுதிப் பேப்பர், பென்சிலால் புள்ளடிக் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்து வைத்துக் கெதியாகப் பதிவுத் தபாலில் போடுங்கோ என்று ரெலிபோனிலும் சொன்னாய். அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது, நீ சொன்னால் அவளுக்குப் போதும், கண்ணாடியும் போடாமல் கையெழுத்து வைத்துவிட்டாள். நானும் பேனையை எடுத்துவிட்டேன். என் வாழ்நாள் முழுக்கப் புள்ளடி கண்ட இடத்தில் கையெழுத்து வைத்தவன்தானே, அகதி விண்ணப்பத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் உன் பள்ளிக்கூடப் பேப்பர்களிலும். பேனை தாளில் படுகிற நேரம் பழக்கதோஷத்தில் மேலே இருந்த பெரிய சொல்லை எழுத்துக் கூட்டினேன். கியூண்டிகுங். கண்ணால் நான் அதுவரை காணாத சொல், காதுக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஹோட்டலில் பருவம் முடிகிற நேரம் பெரியவர் சமையலறைக்குள் வந்து யாருடைய பெயரோடு அதைச் சொல்கிறாரோ, அவன் அன்றைக்குப் பெட்டி கட்டுவான். பன்னிரண்டு வருடம் அந்தச் சொல்லுக்குப் பயந்தவன் நான். அதற்குக் கீழே எங்கள் தெரு, எங்கள் வீட்டு இலக்கம், செப்ரெம்பர் முப்பது.

அம்மா நம்பவில்லை, வாசிச்சது சரியோ, இன்னொருக்கா வாசியுங்கோ என்றாள். இன்னொருதரம் வாசித்தேன், அதே சொல்தான் இருந்தது. கீழ்வீட்டுச் சுவிஸ் பெண்மணி பிரௌ மொய்லியிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, வீட்டை விடுகிற அறிவித்தல், இருவரும் கையெழுத்து வைத்தால்தான் செல்லும், நீங்கள் போகிறீர்களா, எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டார். அம்மாதான் ஜெர்மனில் நைன், இல்லை என்றாள், படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி. மேலே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். நான் பெத்த பிள்ளை என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று அழுதாள்.

மகள், நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். உன் வீட்டு நிலக்கீழ் அறையில் எங்களுக்குக் கட்டிலும் ரீவியும் போட்டு, கம்பளம் விரித்து, யாதவி சுவரில் எங்கள் பெயர் ஒட்டி வைத்திருக்கிறாள் என்று விதுஷன் சொன்னார். நல்ல மனம். ஆனால் நாங்கள் வரமாட்டோம். வியாழக்கிழமை கட்டிடத்துப் பொது மெசினில் எங்கள் உடுப்புத் தோய்க்கிற முறை, அதை ஒன்பது வருடமாக ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. புதன்கிழமை சந்தை. பிரௌ மொய்லி தன் தோட்டத்து றபார்பர் தண்டு தருவார், அம்மா அந்தப் புளித்தண்டை மாங்காய்க்குப் பதிலாகப் பருப்பில் போடுவாள், பிறகு அவரே ஒரு கிண்ணத்தோடு மேலே வந்து நிற்பார். அடுத்த வெள்ளிக்கிழமை பாசல் நகரத்துக்குப் போய் ட்ராமில் ஏறி அது முடிகிற இடம் வரைக்கும் போவதாக இருக்கிறோம், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று இரவீந்திரன் சொல்கிறான், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு அவனுக்குச் சொல்லுவோம். பிறர் பிள்ளைகளுக்கும் பிறர் அடுப்புகளுக்கும் இத்தனை வருடம் உழைத்த பிறகு எங்களுக்கு இந்த வசந்தம் கிடைத்திருக்கிறது, அதை நான் ஒரு கையெழுத்தில் கொடுக்க மாட்டேன்.

நீ கேட்கப்போகிற கேள்வியும் எனக்குத் தெரியும், வாயால் கேட்க உனக்குக் கூச்சம், நானே எழுதுகிறேன். எங்களில் ஒருவர் முதலில் போவோம். மிஞ்சுகிறவர் அந்த நேரம் உன்னிடம் வரலாம், இங்கேயே இருக்கலாம், பிரௌ மொய்லியின் அக்கா இருக்கிற முதியோர் இல்லத்துக்கும் போகலாம். அதை அவரே முடிவெடுத்து அவர் கையாலேயே உனக்கு எழுதுவார். அம்மாவுக்கு முன்பே எழுதத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். ஆகையால் நீ அவசரப்பட்டு எங்களுக்காக ஒன்றும் எழுத வேண்டாம்.

உன் பேப்பரை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன், அம்மாவின் கையெழுத்தை அவளே கோடு போட்டு வெட்டியிருக்கிறாள். யூனில் எங்களைக் கூட்டிப்போக எடுத்த ரிக்கெற்றை இருந்துபோக வருகிற ரிக்கெற்றாக மாற்று, யாதவிக்கும் சேர்த்து எடு. எங்கள் அறையை உங்களுக்குத் தருகிறோம். உன்னையும் மருமகனையும் பேத்தியையும் மாமாங்கேஸ்வரர் காக்கட்டும், உன் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல். குளிருக்குக் காதை மூடு, காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, ரெலிபோனில் அம்மாவோடு கதைக்கும்போது முதல் அவளிடம் மன்னிப்புக் கேள், பிறகு மற்றக் கதை. பாசல் ட்ராம் எங்கே முடிகிறது என்று அடுத்த கிழமை எழுதுகிறேன், அதற்கும் மூன்று நாள் செல்லும்.

உன் மேல் கோபமும் அதைவிடக் கூடுதலாக அன்பும் உள்ள அப்பா,
க. தவராஜா